எடுக்காத பொட்டலம்

எங்கள் வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்வதா வேண்டாமா என்று வீட்டில் பேசிப் பேசியும் முடிவுக்கு வரவில்லை என்றால், குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எது எது என்று வெளியே தெரியாதபடி வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள்.

இது பல ஊர்களிலும் உள்ளதுதான். எங்களிடம் கூடுதலாக இரண்டு விதிகள் இருந்தன. பொட்டலம் கட்டுகிறவர் அந்தக் காரியத்தில் எந்த விருப்பமும் இல்லாதவராக இருக்க வேண்டும். பிள்ளை எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். சாமியைச் சந்தேகப்படக் கூடாது என்று இந்த இரண்டாவது விதியை வைத்திருப்பார்கள் என நினைக்கிறேன். கட்டுகிறவனைச் சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் முன்னோருக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் கட்டியவன் நான்.

நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாள். அடுத்த வீட்டில் இறந்துபோன என் தம்பியின் மகள் குடியிருக்கிறாள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவள் கணவருக்கு எட்டயபுரம் சாலையில் கொஞ்சம் கரிசல் நிலம். மக்காச்சோளமும் உளுந்தும் போடுவார். இருவருக்கும் ஒரே மகன். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கண்ணில் அழுத்த நோய். காலையும் மாலையும் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட வேண்டும். என் கை நடுங்கும். நானே விட்டால் மருந்து கன்னத்துக்குத்தான் போகும். அதனால் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே அவன் வந்து விட்டுவிட்டுப் போவான். கண் ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிக்கொண்டு போவான். பைபாஸைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். கையைப் பிடித்தால் எனக்குப் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். மணிக்கட்டு என்றால் ஏதோ நாடி பார்ப்பதுபோல இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே அவனுக்கு ராணுவ ஆசை வந்துவிட்டது. ஆசை என்று சொல்வதும் சரியில்லை. கூட்டாளிகள் விண்ணப்பித்தார்கள், இவனும் விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்வில் அவர்கள் தேறவில்லை, இவன் தேறினான். அடுத்தது ஓட்டம். தினமும் விடியற்காலையில் பைபாஸ் ஓரமாக ஓடினான். நன்றாகவே ஓடினான். தேறிவிடுவான் என்று தெரிந்த பிறகுதான் போக வேண்டுமா என்ற கேள்வி வீட்டுக்குள் வந்தது.

இப்போது நான்கு வருடத்துக்குத்தான் எடுக்கிறார்கள். முடிந்ததும் நான்கில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அவன் அம்மாவுக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

"நாலு வருசம் அங்கன கிடந்துட்டு, திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்து பெட்டி அடைக்கவா? அதை இப்பமே அடைக்கச் சொல்லுங்க."

அவன் அப்பா வேறு மாதிரிப் பார்த்தார். "நாலு வருசமாவது நேரத்துக்குச் சாப்பிடுவாம்லா. இங்கன என்ன இருக்கு? மக்காச்சோளத்தைப் பன்னி திங்குது. உளுந்தை மழை திங்குது. மிச்சத்தை நாம திங்கோம்."

"குண்டு பட்டா?"

"பைபாஸ்ல லாரி அடிச்சா?"

இப்படியே பல நாள் போனது. இருவரும் சத்தம் போடும்போது அவன் என் வீட்டுக்கு வந்துவிடுவான். ஒருநாள் நேராகவே கேட்டான்.

"தாத்தா, போலாமா வேண்டாமா?"

நான் வரலாற்றுக்காரன். படைகளின் தோற்றத்திலிருந்து தொடங்கினேன். ஒரு பக்கம் இப்படி என்றேன், மறு பக்கம் அப்படி என்றேன். பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க சொல்லுதது பத்து மார்க் கேள்விக்குப் பதில் மாதிரி இருக்கு. நான் ஒரு மார்க் கேள்விலா கேட்டேன்."

"உனக்கு என்னலே தோணுது?"

"ஓடுதது பிடிச்சிருக்கு. சுடுததுதான் தெரியல." பிறகு, "உங்களுக்கு என்ன தோணுது?" என்றான்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை, அது உன் முடிவு என்று சொன்னேன். அது பொய். அவன் போகக் கூடாது என்று அந்த நிமிடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் போனால் என் கண்ணுக்கு மருந்து விட ஆள் இல்லை. இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைப் பிறகு வெகுநாள் தேடினேன். கிடைக்கவில்லை.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. யார் கட்டுவது என்று அவன் அப்பா கேட்டார். "பெரியப்பாதான்" என்றாள் அவன் அம்மா. "அவியளுக்குச் சாமியும் கிடையாது, ஆசையும் கிடையாது." எனக்குச் சாமி கிடையாது என்பது உண்மை.

கோயில் கடம்பூருக்கு அந்தப் பக்கம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிணறு, சுற்றிலும் சீமைக்கருவேலம். அதற்கப்பால் கண்ணுக்கு எட்டியவரை வெறும் கரிசல். கோடையில் அந்த மண் கை போகும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பூசாரி என்னிடம் தட்டைக் கொடுத்தார். அதில் ஒரு நந்தியாவட்டைப் பூ, ஒரு கொத்துச் செவ்வரளி, இலைத் துண்டுகள், நார். கட்டுகிறவர் யார் கண்ணிலும் படாமல் கட்ட வேண்டும். கோயிலுக்குப் பின்னால் போனேன்.

முன்கூட்டியே திட்டமிட்டுப் போனேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். தெரியவில்லை. ஆனால் அரளிக் கொத்தை இரண்டாகப் பிரித்தபோது என் கை நடுங்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். நந்தியாவட்டை மிச்சமிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளாட்டிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகு மண் வெடிப்பு ஒன்றில் போட்டேன். உள்ளே போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

பூசாரியின் பேத்தியை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். எந்தப் பொட்டலத்தை எடுக்கும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் அப்படியே நின்றேன். அது எடுத்ததைப் பூசாரி பிரித்தார். சிவப்பு. அவன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். அவன் அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எடுக்காத பொட்டலம் கிணற்றுக்குள் போனது.

அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. தோளில் இருந்ததை யாரோ இறக்கி வைத்ததுபோல நின்றான். திரும்பும் வழியில் கடம்பூரில் வண்டியை நிறுத்தி அவன் அம்மா எல்லோருக்கும் போளி வாங்கிக் கொடுத்தாள். நான் இரண்டு தின்றேன்.

அவன் ஓட்டத்தேர்வுக்குப் போகவில்லை. விடியற்காலையில் எழுவதையும் விட்டுவிட்டான். கோவில்பட்டியிலேயே பி.காம் சேர்ந்தான். வயிறு கொஞ்சம் வைத்தது. மருந்து நேரத்துக்கு விழுந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த இடத்தில் மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. பல மாதம் நன்றாகத் தூங்கினேன்.

ஒரு மாலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நானும் அவனும் நின்றோம். அவனுடைய பழைய கூட்டாளிகள் வந்தார்கள். ஒருவன் இரண்டாம் முறையும் தேறாமல் வந்திருந்தான். அவனை மற்றவர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். தேறாத அந்தப் பையன் பேச்சை இவன் பக்கம் திருப்பிவிட்டான்.

"ஏலே, மெடிக்கல்ல ரிஜக்ட் ஆனவன் இருக்கான், ரன்னிங்ல ரிஜக்ட் ஆனவன் இருக்கான். சாமியே ரிஜக்ட் பண்ணினது நம்ம ஆளை மட்டும்தாம்லே!"

எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். டீ நன்றாக இருந்தது, அதனால் நானும் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான். "தாத்தா, சாமி ஏன் வேண்டாம்னு சொல்லிச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். செத்துருவேன்னு சொல்லியிருக்காது. சாகுததுக்கு நிறையப் பேரை அது அனுப்புதுல்லா. நான் பயந்து ஓடி வந்திருவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாரு முன்னாலயும் அசிங்கப்பட வேண்டாம்னு நிறுத்தியிருக்கும். நல்ல சாமிதான்."

அன்றிலிருந்து தூக்கம் போனது. நான் அவனை வீட்டில் நிறுத்தி வைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். அவன் அங்கே உட்கார்ந்து தன்னை ஒரு கோழை என்று முடிவு செய்துகொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குச் சாமியைச் சாட்சியாகவும் வைத்துக்கொண்டான். அந்தச் சாட்சியை உண்டாக்கியவன் நான்.

ஆனாலும் உடனே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைப்பதிலேயே சில வாரங்கள் போயின. பிறகு ஒரு காலை, மருந்து விட நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தபோது சொன்னேன். வலது கண்ணில் விட்டிருந்தான். அந்தக் கண்ணை மூடியிருந்தேன். இடது கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

"அன்னைக்குக் கோயில்ல ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புதாம்லே. நாந்தான் அப்படிக் கட்டினேன்."

பிறகு என் இடது இமையை விரலால் திறந்தான். ஒரு சொட்டு விழுந்தது. மருந்துப் புட்டியை மூடினான்.

"எதுக்கு?"

"நீ போயிட்டா இதை யாரு விடுவா?"

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"நேராச் சொல்லியிருக்கலாம்லா. போகாதலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னுருப்பேனே."

நான் கண்ணைத் திறந்தேன். மருந்து விட்டவுடன் எல்லாம் மங்கலாகத் தெரியும். கோபப்படுவான் என்று நினைத்திருந்தேன், அல்லது சந்தோஷப்படுவான் என்று. குரலில் இருந்தது இரண்டும் இல்லை. பயம்.

"அப்ப சாமி ஒன்னுமே சொல்லலையா தாத்தா?"

"சொல்லல."

"அப்ப இனிமே நானாலா யோசிக்கணும்." நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். "ஒரு வருசமா நிம்மதியா இருந்தேன். இதை ஏன் இப்பச் சொன்னீங்க?"

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கியது. இறக்கி வைத்த இடம் அவன் தலை.

அவன் பெற்றோரிடமும் நானே சொன்னேன். அவன் அப்பா மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக இருக்கலாம். "மாமா, நீங்க படிச்சவிய" என்று மட்டும் சொன்னார்.

அவன் அம்மா சத்தம் போட்டாள். சாமி குத்தம் என்றாள். அந்தக் கிணற்றுப் பக்கமே நான் வரக் கூடாது என்றாள். ஆனால் அந்தக் கோபத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தினமும் என் வீட்டுக்கு வந்த குழம்பு நின்றது. ரசம் மட்டும் வந்தது.

மறுபடியும் பூக்கட்டலாம், வேறு ஆளை வைத்துக் கட்டலாம் என்று பேச்சு வந்தது. பூசாரியே கட்டட்டும் என்றார் அவன் அப்பா.

"வேண்டாம்" என்றான் அவன். "பூவும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம்."

"பின்ன எப்படிலே முடிவு பண்ணுவ?"

"தெரியல. ஆனா நாந்தான் பண்ணுவேன்."

மறுபடியும் ஓட ஆரம்பித்தான். அது ஐப்பசி. மழை பெய்தால் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு எழும்பாது. பைபாஸ் ஓரம் முழுவதும் சேறு. கால் இரண்டும் யானைக்கால் போலக் கனத்துத் திரும்பி வருவான். போன வருடம் ஓடிய நேரத்துக்குள் இப்போது ஓட முடியவில்லை என்று அவன் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. மருந்து விட வருவான், விடுவான், போவான். நின்று பேசுவது குறைந்துவிட்டது. எனக்கு அது சரியென்றே பட்டது, ஆனாலும் மருந்து விட்ட பிறகு வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் இருப்பேன். திறந்தால் அவன் போயிருப்பான்.

தை பிறந்து வெயில் வந்ததும் வேகம் திரும்பியது. விண்ணப்பம் போட்டான். எழுத்துத் தேர்விலும் மறுபடி தேறினான். போகிறேன் என்று ஒரு மாலை என்னிடம் வந்து சொன்னான். காரணம் நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று இருந்தேன். அவனாகவே சொன்னான்.

"நான் பயந்து ஓடி வந்திருவேன்னு சாமி நினைக்கலை. அது தெரிஞ்சாச்சு. ஆனா நான் நினைச்சுட்டேன்லா தாத்தா. ஒரு தடவை நினைச்சது போகமாட்டேங்குது. போய்ப் பாத்தாத்தான் போகும்."

"இதுக்காகவாலே போற?"

"நீங்க சொட்டு மருந்துக்காகலா நிறுத்துனீங்க" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

அவனைப் போகவிடாமல் வைக்க நான் செய்த காரியம்தான் இப்போது அவனை அனுப்புகிறது. அன்று நேர்மையாக ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் கட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று தெரியாது. ஒருவேளை சிவப்பே வந்திருக்கும்.

ஓட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் மருந்துக் கவுண்டரில் வரிசையில் நின்றான். டாக்டர் என்னிடம், வலது கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, பார்வை ஓரத்தில் குறைந்துகொண்டே வருகிறது, இனி மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அவன் மருந்தோடு வந்து, "என்ன சொன்னாரு?" என்று கேட்டான். "அப்படியேதான் இருக்காம்" என்றேன். திரும்பும் வழியில் அவன் என் மணிக்கட்டைப் பிடித்துப் பைபாஸைக் கடக்க வைத்தான். வலது பக்கத்திலிருந்து வந்த பஸ் எனக்குத் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத் தெரிந்ததுபோல நின்றேன்.

நேற்று மதியம் அவன் அம்மா வந்தாள். வெகுநாளைக்குப் பிறகு கையில் குழம்புச் சட்டி இருந்தது. மேசையில் வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள். போகவில்லை.

"பெரியப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுருவான்."

"நான் எப்படிம்மா சொல்ல?"

"உங்க கண்ணைச் சொல்லுங்க. மோசமாயிட்டு, நீ இல்லாம முடியாதுன்னு சொல்லுங்க. உங்க மேல வருத்தம் இருந்தாலும் அதுக்கு நின்னுருவான். எனக்கு என் பிள்ளையைத் தெரியும்."

அவள் கோபத்தில் அன்று என்ன குறைந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு வைத்த ஆளை அவளால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

"முடியாதும்மா" என்றேன்.

"அன்னைக்கு மட்டும் முடிஞ்சுதா?"

அவள் சொல்லச் சொன்னது பொய் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் அவன் நிற்பான். இந்த முறை கையில் இருந்தது உண்மை. அதனால் ஆசை இன்னும் அதிகமாக இருந்தது. நாக்குவரை வந்ததையும் எழுதிவிடுகிறேன்.

"கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன். "டாக்டரு போன வாரம்தான் பாத்தாரு. அப்படியே இருக்குன்னுட்டாரு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொல்லுததை எப்படிப் பெரியப்பா நம்புதது?"

நியாயமான கேள்வி. நான் குழம்பைத் திறந்து, என்ன குழம்பு என்று கேட்டேன்.